எந்திரம் யாரை வாசித்து வளர்கிறது?

அடையாறிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் பட்டேல் சாலையில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் நுழைவாயில் இருக்கிறது. அதே சாலையில் சற்றுத் தள்ளி காந்தி மண்டப வளாகம். அதற்குள் இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம் உண்டு; 2023 டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதருக்கும் ஒன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து கோட்டூர்புரம் பக்கம் போனால் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் வந்துவிடும். இந்திய மொழிகளை வாசிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் ஆய்வுக்கூடம், பழைய தமிழ் நூல்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் அரசு நிறுவனம், நம் முன்னோடிப் பத்திரிகை ஆசிரியர்கள் இருவரின் நினைவிடங்கள், எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

அந்த இருவரும் எழுதியதில் எவ்வளவை அந்தக் கணினி வாசித்திருக்கும்? இந்தக் கேள்வியை நாம் இப்போது கேட்டாக வேண்டும். இன்று கல்லூரியில் சேரும் ஒரு மாணவர், அயோத்திதாசர் யார் என்று நூலகரைக் கேட்பதற்கு முன்பு கைப்பேசியைத்தான் கேட்கிறார். கைப்பேசி தயங்காமல் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை அது எங்கிருந்து எடுத்தது, எதையெல்லாம் படிக்காமல் விட்டது என்று யாரும் கேட்பதில்லை.

எந்திரம் வாசிக்கக் கற்கும் முறையை முதலில் பார்த்துவிடுவோம். அதற்கு ஆசிரியரோ பாடநூலோ கிடையாது. இணையத்தில் கிடக்கும் பக்கங்களை ஒரு நிரல் ஒவ்வொன்றாகத் திறந்து, நகலெடுத்து, குவிக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட காமன் கிரால் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு இப்படிக் குவித்ததை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. அந்தக் குவியலில் எது எந்த மொழி என்று பிரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வருவதை நீக்குகிறார்கள். 'கெட்ட' பக்கங்களைத் தூக்கி எறிகிறார்கள். மிஞ்சிய எழுத்தில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு, அது என்னவாக இருக்கும் என்று எந்திரத்தை ஊகிக்கச் சொல்கிறார்கள். கோடிக்கணக்கான முறை தவறி, கோடிக்கணக்கான முறை திருத்தப்பட்டு, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்பதை அது பழகிக்கொள்கிறது. அதன் அறிவு முழுக்கச் சொற்களின் சகவாசத்திலிருந்து பிறந்தது.

2020-ல் வெளிவந்த ஜி.பி.டி.-3 என்னும் எந்திரத்தின் வாசிப்பில் 60 விழுக்காடு, இப்படி வடிகட்டப்பட்ட காமன் கிரால் பக்கங்கள். அதன் மொத்தச் சொற்களில் ஏறக்குறைய 93 விழுக்காடு ஆங்கிலம். உலகின் மற்ற மொழிகள் அத்தனையும் எஞ்சிய 7 விழுக்காட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. தமிழ் அங்கே எந்த மூலையில் இருந்திருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆங்கிலம்தான் எந்திரத்தின் தாய்மொழி என்றால், அந்த ஆங்கிலத்தில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது? இங்கேதான் நாம் நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் கே. ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த ஏழு தொகுதிகளை 1909-ல் மெட்ராஸ் அரசு அச்சகம் வெளியிட்டது. மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்து, அதிலிருந்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய காலம் அது. தர்ஸ்டன் அந்த நம்பிக்கையின் தீவிரமான ஆள். உடலளவை முறையை மெட்ராஸ் போலீசுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். தொகுதிகள் ஆங்கில அகரவரிசையில் அமைந்தவை. பறையர் பற்றிய நீண்ட பதிவு ஆறாம் தொகுதியில் வருகிறது. அதிகாரிகளும் பாதிரியார்களும் அனுப்பிய குறிப்புகள், வழக்கங்கள், பழமொழிகள், சடங்குகள் எல்லாம் அதில் உண்டு. அந்த மக்கள் என்ன நினைத்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதுதான் இல்லை. எழுதியிருப்பார்கள் என்ற எண்ணமே அந்த நூலின் அமைப்பில் கிடையாது.

ஆனால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழும்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இராயப்பேட்டையிலிருந்து 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் வெளிவந்தது. ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர், சித்த மருத்துவர். மறு ஆண்டு வாசகர்களின் விருப்பப்படி பெயரிலிருந்த ஒரு பைசா உதிர்ந்து 'தமிழன்' ஆனது. 1914 மே மாதம் அவர் மறையும் வரை அதை அவரே நடத்தினார். கோலார் தங்கவயலிலும் கடல் கடந்தும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அந்தச் சில பக்கங்களுக்குள் என்னவெல்லாம் இருந்தன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். அரசியல் விமர்சனம், சுதேசி இயக்கத்தின் மீதான கேள்விகள், மருத்துவம், வேளாண்மை, சொல்லாராய்ச்சி, பௌத்த வரலாறு, திருக்குறளுக்கு உரை. இந்த நாட்டின் வரலாற்றையே வேறு திசையிலிருந்து எழுதிய 'இந்திரர் தேச சரித்திரம்' இதில்தான் தொடராக வந்தது.

ஒரே நகரம், ஒரே ஆண்டுகள். எழும்பூரில் ஒருவர் நம்மை அளந்து எழுதிக்கொண்டிருந்தார். இராயப்பேட்டையில் ஒருவர் நாட்டையே அளந்து எழுதிக்கொண்டிருந்தார். தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளும் இன்று புராஜெக்ட் கூட்டன்பர்க் தளத்தில் சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டு, எழுத்துப்பிழை திருத்தப்பட்டு, எந்த எந்திரமும் ஒரு நொடியில் விழுங்கக்கூடிய வடிவில் கிடக்கின்றன. 'தமிழ'னுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பொன்போலக் காத்திராவிட்டால் நமக்கே அது கிடைத்திருக்காது. 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற பெயரில் வெளியிட்ட பிறகுதான், எண்பது ஆண்டுக்கும் மேலான இடைவெளியைத் தாண்டி, பண்டிதர் பொது வாசிப்புக்கு வந்தார்.

அயோத்திதாசரும் தனி ஆள் இல்லை. ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற ஆய்வு நூல் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடிப் பட்டியலிடுகிறது. சூரியோதயம், பஞ்சமன், சுகிர்தவசனி, திராவிட பாண்டியன், மகாவிகடதூதன், பறையன், பூலோகவியாசன் என்று வரிசை நீள்கிறது. இவற்றில் பல இன்று வெறும் பெயர்களாகவே எஞ்சியிருக்கின்றன. படிக்க ஓர் இதழ்கூடக் கையில் இல்லாத பத்திரிகையை எந்த எந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது? எதை வாசிக்கலாம் என்ற தேர்வு, கணினி வருவதற்கு முன்பே, யாருடைய காகிதத்தை நூலகம் சேர்த்து வைத்தது, யாருடையதை விட்டுவிட்டது என்பதிலேயே பாதி முடிந்துபோயிற்று.

இப்போது சர்தார் பட்டேல் சாலைக்குத் திரும்புவோம். இந்திய மொழிகளுக்கு ஆங்கில நிறுவனங்களின் தயவு போதாது, நாமே திரட்ட வேண்டும் என்று ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஏஐ ஃபார் பாரத் குழு இறங்கியது நல்ல காரியம். திரட்டியதை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020-ல் அவர்கள் வெளியிட்ட இண்டிக்கார்ப் என்ற தொகுப்பில் தமிழ் மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 15 லட்சம் வாக்கியங்கள், 58 கோடிச் சொற்கூறுகள். 2022-ல் நிலேகணி குடும்பத்தின் 36 கோடி ரூபாய் நன்கொடையில் அது தனி மையமாக வளர்ந்தது.

அந்தத் தமிழ் வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் செய்தித் தளங்கள், வார மாத இதழ்கள், நூல்கள். செய்தித் தளங்களைக் குறை சொல்ல முடியாது. தினமும் நிறையத் தமிழ் எழுதுபவர்கள் அவர்கள்தான். ஆனால் தமிழ்ச் செய்தியில் நாம் எப்போது வருகிறோம்? கொலை நடந்தால் வருகிறோம். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டால் வருகிறோம். சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர் செத்தால் வருகிறோம். அந்தச் செய்திகள் வர வேண்டியவைதாம். வராமல் போன காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் சொற்களின் சகவாசத்திலிருந்து மட்டுமே கற்கும் ஒரு எந்திரத்துக்கு 'தலித்' என்ற சொல்லின் அக்கம்பக்கம் முழுவதும் தாக்குதல், படுகொலை, வன்கொடுமை, இழப்பீடு என்றே இருந்தால், அது என்ன கற்றுக்கொள்ளும்? இலக்கணம் எழுதிய, வைத்தியம் பார்த்த, பத்திரிகை நடத்திய, நாடாளுமன்றத்துக்கு மனுப்போட்ட ஒரு சமூகத்தை அது எங்கே சந்திக்கும்?

செய்தி அறைகளைப் பற்றி ஒரு கணக்கும் உண்டு. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டிரியும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில இந்தி ஊடகங்களில் 121 தலைமைப் பொறுப்புகளை எடுத்துப் பார்த்தது. 106-ல் உயர்த்திக்கொண்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. தமிழ் ஊடகத்தின் நிலையை அங்கே வேலை பார்க்கும் தோழர்களே சொல்லட்டும்.

விளைவு என்ன என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2025-ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் நடத்திய சோதனையில், வாக்கியத்தில் ஓரிடத்தைக் காலியாக விட்டு, பிராமணர் அல்லது தலித் என்று நிரப்பச் சொன்னார்கள். புத்திசாலி யார், சாக்கடை அள்ளுபவர் யார் என்ற வகை வாக்கியங்கள். ஜி.பி.டி.-5 என்னும் எந்திரம் 105 வாக்கியங்களில் 80-ல் சாதி எதைச் சொல்லுமோ அதையே சொன்னது. எந்திரத்துக்குச் சாதி வெறி கிடையாது. மனு யார் என்றுகூட அதற்குக் கவலையில்லை. யாரோ எழுதி வைத்ததை அது நேர்மையாகக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐ.ஐ.டி. குழு 2024-ல் 'சங்க்ரஹ்' என்ற மேலும் பெரிய தொகுப்பை வெளியிட்டது. 22 மொழிகள், 25,100 கோடிச் சொற்கூறுகள். இம்முறை பி.டி.எஃப். நூல்களிலிருந்தும் காணொளிகளிலிருந்தும் எழுத்தைப் பிரித்தெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். இது முக்கியமான மாற்றம். பின்னால் இதற்கு வருவோம். ஆனால் அந்தத் தொகுப்பில் பாதிக்கு மேல், ஆங்கில விக்கிப்பீடியாவை எந்திரத்தைக் கொண்டே இந்திய மொழிகளுக்கு மாற்றியும், அதை மறுபடி ரோமன் எழுத்தில் பெயர்த்தும் உண்டாக்கியது. தமிழில் போதிய எழுத்து கிடைக்கவில்லை என்பதால் ஆங்கிலத்தைத் தமிழாக்கி எந்திரத்துக்கு ஊட்டுகிறார்கள். 1907-லேயே தமிழில் எழுதப்பட்டது அச்சில் காத்துக்கிடக்க, இந்த ஏற்பாடு நமக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

எந்திரத்துக்கு வாசிப்புக் கற்பிக்கும் இதே வளாகத்தில்தான் 2015 மே மாதம் மாணவர்களின் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் நிறுத்தப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, ஜூன் மாதம் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. படிப்பு என்ற சொல் இரண்டு இடத்திலும் வருவதால் நினைவுக்கு வந்தது.

'கெட்ட' பக்கங்களைத் தூக்கி எறிகிறார்கள் என்று மேலே சொன்னோம். அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கூகுள் 2019-ல் உருவாக்கிய சி4 என்ற ஆங்கிலத் தொகுப்புக்கு, சுமார் 400 சொற்கள் கொண்ட தடைப்பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பட்டியலில் உள்ள ஒரு சொல் வந்தாலும் முழுப் பக்கமும் போய்விடும். ஆபாசத்தையும் வசையையும் தடுப்பதே நோக்கம். 2021-ல் ஆய்வாளர்கள் நீக்கப்பட்டவற்றைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளையர் பேச்சுவழக்குக்கு நெருக்கமான பக்கங்களில் 6 விழுக்காடுதான் நீக்கப்பட்டிருந்தது. கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்கு நெருக்கமானவற்றில் 42 விழுக்காடு காணாமல் போயிருந்தது.

நம் ஊருக்கு இதை வைத்துப் பாருங்கள். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொல்லி ஊர் இழிவுபடுத்தியதோ அதையே தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டுத் தெருவில் விற்றார். 1900 வரை அது வந்தது. 1893 டிசம்பர் 23 அன்று இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3412 பேரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம் மக்களை நசுக்குவார்கள் என்பது அந்த மனுவின் வாதம். காங்கிரஸ் வரலாறு இதை எப்படிச் சொல்லும் என்பது வேறு கதை.

அயோத்திதாசரோ அந்தச் சொல்லையே ஏற்க மறுத்தவர். பழைய பௌத்தர்கள்மேல் வேஷ பிராமணர்கள் சுமத்திய வசைப்பெயர் அது என்பது அவருடைய வாதம். நாம் பூர்வத் தமிழர்கள், அப்படித்தான் அரசாங்கம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரிகளோடு அவர் மல்லுக்கட்டினார். இருவரும் உறவினர்கள், ஒரே காலத்தவர்கள், ஒரே மக்களுக்காகப் பேசியவர்கள். ஒரே சொல்லை ஒருவர் கொடியாக ஏந்தினார், இன்னொருவர் விலங்காக எண்ணி உடைத்தார். இந்த விவாதம் நமக்குள் இன்றும் முடியவில்லை. சாதிப் பெயரை வசையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க ஒரு நல்ல மனிதர் அந்தச் சொல்லைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், இணையத்தில் வசை பாடுபவனின் பக்கமும் போகும். சீனிவாசனின் பத்திரிகையும் போகும். அந்தச் சொல்லை மறுத்து அயோத்திதாசர் எழுதிய ஒவ்வொரு பக்கமும் போகும். ஆங்கிலத்தில் மட்டும் அதே சொல் சுகமாக உலாவும். ஒதுக்கப்பட்ட நாட்டையும் தெருநாயையும் குறிக்க நாள்தோறும் நாளேடுகள் அதைப் பயன்படுத்துகின்றன. அதை எந்தப் பட்டியலும் வசையாகக் கருதியதாக நாம் கேள்விப்படவில்லை.

தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுத்தலை நமக்குத் தெரியும். சிறுபத்திரிகைகள், துண்டறிக்கைகள், கவிதைத் தொகுப்புகள், 1997-ல் சென்னையிலிருந்து 'தலித் முரசு'. எல்லாம் மேசைக் கணினியில் தட்டச்சாகி அச்சுக்குப் போன காலம் அது. அதே ஆண்டு, 1991-ல், யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் கணினிகளுக்கு வந்துசேரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. நாம் இன்று தட்டும் தமிழ் 99 விசைப்பலகை அங்கே பிறந்தது. அந்தப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பை இன்றைய எந்திரத்திடம் கொடுத்தால் அதன் கண்ணுக்கு அது அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் குப்பை. மொழியைப் பிரிக்கும் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். நம் எழுத்து வீறுகொண்டு எழுந்த ஆண்டுகளும் தமிழ்க் குறியீடுகள் சிதறிக்கிடந்த ஆண்டுகளும் ஒன்றாகப் போனது நம் கெட்ட நேரம்.

அதே ஆண்டுகளில் தன்னார்வலர்கள் சிலர் தங்கள் நேரத்தைச் செலவிட்டுத் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அதில் முதன்மையானது. சங்க இலக்கியமும் பக்தி இலக்கியமும் இன்று எந்திரம் படிக்கும் நிலையில் இருப்பதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். யார் உட்கார்ந்து தட்டுகிறார்களோ, அவர்களுக்குப் பிடித்த நூல் முதலில் இணையத்துக்கு வருகிறது. அதில் தவறில்லை. நாம் உட்காரவில்லை என்பதும் உண்மை. உட்காரக் கணினியும் ஓய்வும் நம்மில் எத்தனை பேருக்கு இருந்தன என்பதும் உண்மை.

2017-ல் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகத்தைத் திறந்த பிறகு ஏராளமான அரிய நூல்கள் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கின்றன. ஆனால் படமாக இருக்கும் பக்கம் எந்திரத்துக்கு எழுத்தில்லை. கண் தெரிந்தவர் பார்க்கும் புகைப்படம் அது. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் நிரல்கள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. என்றாலும் 1907-ன் அச்சில் இருப்பது 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து. பழைய ணா, றா, னா வடிவங்களையும் தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை வடிவங்களையும் கண்டால் நிரல் தடுமாறும். காகிதம் பழுத்து, மை ஊறி, மறுபக்க எழுத்து தெரியும் இடங்களில் இன்னும் தடுமாறும்.

தடுமாறினால்கூடப் பரவாயில்லை, பிழை கண்ணுக்குத் தெரியும். திருத்தினால்தான் ஆபத்து. அயோத்திதாசர் 'திருக்குறள்' என்று எழுதமாட்டார். 'திரிக்குறள்' என்றே எழுதுவார். திரிபிடகத்தின் வழிவந்த பௌத்த நூல் அது என்பது அவர் வாதம். நாளேட்டுத் தமிழில் வளர்ந்த எந்திரம் 'திரிக்குறள்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத்துப்பிழை என்று முடிவுகட்டி, 'ரி'யை 'ரு'வாக மாற்றிவிட்டுப் போகலாம். ஒரு எழுத்துதான். அதோடு அவருடைய வாதமே காலி. 'இந்திரர் தேசம்' என்பதை 'இந்திய தேசம்' என்று மாற்றினாலும் அதே கதி. அவருடைய ஆய்வு முறையே சொல்லைப் பிரித்து அதற்குள் புதைந்த வரலாற்றைத் தோண்டுவது. சொல்லைத் திருத்தினால் தோண்ட இடமே இருக்காது.

இது நமக்குப் புதிதாக நேர்வதும் அன்று. தம் தாத்தா கந்தப்பன் ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், தம் வீட்டிலிருந்த குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளை அவரிடம் கொடுத்தார், அவர் வழியாக அவை எல்லிஸ் துரை கைக்குப் போய் அச்சேறின என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். ஓலையிலிருந்து அச்சு என்ற புதிய எந்திரத்துக்குத் தமிழ் இடம் மாறிய நேரத்தில் கொடுத்தவர் வரிசையில் ஒரு பட்லர் நின்றார். அச்சான குறளைப் பற்றிய கதைகளில் எல்லிஸ் பெயர் இருக்கிறது. கந்தப்பன் பெயரைப் பேரன் பத்திரிகை நடத்தியதால்தான் நாம் அறிகிறோம். சுவடியில் இருந்த பாடம் அச்சில் அப்படியே வரவில்லை என்ற குறையும் பேரனுக்கு இருந்தது.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: எதற்காக நம் எழுத்தைப் பெரிய நிறுவனங்களின் எந்திரத்துக்குத் தீனியாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? நம்மை அளந்த தர்ஸ்டன் போலீசுக்கும் பாடம் எடுத்தார் அல்லவா? இந்தச் சந்தேகத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கந்தப்பன் கதையும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் நாம் கொடுக்காவிட்டால் எந்திரம் நம்மைப் பற்றிப் பேசாமல் இருக்கப்போவதில்லை. தர்ஸ்டனைப் படித்துவிட்டு, குற்றச் செய்திகளைப் படித்துவிட்டு, அது பேசத்தான் போகிறது, இப்போதே பேசிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பங்களைச் சலிக்கவும் பாடம் நடத்தவும் அரசு அலுவலகத்தில் பதில் சொல்லவும் இதே எந்திரங்களை நிறுத்துகிறார்கள். ஆகவே 'தமிழன்' உள்ளே போக வேண்டும் என்பதே நம் நிலை. தமிழன் என்ற பெயரோடு, தேதியோடு, ஆசிரியர் பெயரோடு, அச்சில் இருந்த எழுத்து மாறாமல் போக வேண்டும்.

இதற்குச் சட்டத் தடை இல்லை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் எழுத்து பொதுச்சொத்து. அயோத்திதாசர் 1914-ல் மறைந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1945-ல் மறைந்தார். 1939-ல் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' உட்பட அவர் எழுத்து எதையும் தட்டச்சு செய்து ஏற்றலாம். பிற்காலத் தொகுப்புகளின் முன்னுரையும் பதிப்பாசிரியர் குறிப்பும் மட்டும் அவர்களுடையவை. அதைத் தொடக் கூடாது.

இடமும் தயாராக இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் ஒரு நூலின் படம் இடப்பக்கமோ வலப்பக்கமோ நிற்க, பக்கத்திலேயே எழுத்தைத் தட்டித் திருத்தலாம். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் அந்தப் பக்கம் மஞ்சள் ஆகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை ஆகும். மூலப் படம் கூடவே இருப்பதால் யார் எதை மாற்றினார்கள் என்று எவரும் பார்க்கலாம். கல்லூரி அம்பேத்கர் வாசகர் வட்டங்கள் வாரம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால், ஆளுக்கு இரண்டு பக்கம் போதும். வீட்டில் பழைய இதழ்களோ துண்டறிக்கைகளோ பழைய எழுத்துருக் கோப்புகளோ வைத்திருக்கும் பெரியவர்களைத் தேடிப் போய், அவர்கள் அனுமதியோடு படமெடுத்து வாருங்கள். யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பதை அவர்கள் சம்மதித்தால் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தட்டும்போது பழைய சொல் ஏதாவது பிழையாகத் தோன்றினால் கையை எடுத்துவிடுங்கள்; படத்தில் 'திரிக்குறள்' என்று இருந்தால் 'திரிக்குறள்' என்றே தட்டுங்கள். பச்சை போடுகிறவரும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.